நன்றாக இருக்கிற குழந்தைக்குத்தான் அந்தச் சோதனை

குழந்தை பிறந்ததும் வீறிட்டு அழுதது. எடை மூன்று கிலோ. பால் குடிக்கிறது, மலமும் சிறுநீரும் போயாயிற்று, குழந்தைகள் டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டார். இதற்கு மேல் என்ன சோதனை? பிரசவ வார்டுகளில் நிலவும் பொதுக்கருத்து இதுதான். பெற்றோர் இப்படி நினைப்பது இயல்பு. மருத்துவமனை நிர்வாகிகளும் மருத்துவர்களில் ஒரு பகுதியினரும் இதையே படித்தவர்கள் மொழியில் சொல்கிறார்கள் என்பதுதான் கவலைக்குரியது. அறிகுறி தெரிந்தால் பார்ப்போம். நன்றாக இருக்கிற குழந்தைக்கெல்லாம் கருவியை மாட்டினால் வீண் பயம், வீண் செலவு. கண்டுபிடித்தாலும் ஆபரேஷனுக்கு எங்கே போவது? இத்தனையும் சொன்ன பிறகு கடைசியாக ஒன்றைச் சொல்வார்கள்: பிரிட்டனே இந்தச் சோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டதே!

இவை நான்கும் தவறான வாதங்கள். கேட்பதற்கு நிதானமான வாதங்கள்போல் ஒலிப்பதால்தான் இவ்வளவு காலம் எதிர்ப்பில்லாமல் நிற்கின்றன.

முதலில் அந்தச் சோதனை என்னவென்று தெரிந்துகொள்வோம். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே பல்ஸ் ஆக்ஸிமீட்டர்தான். தோலின் வழியாக ஒளியைப் பாய்ச்சி, ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று சொல்லும் கருவி. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974-இல் இதன் அடிப்படையைக் கண்டறிந்தார். ஆபரேஷன் தியேட்டர்களில் நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. பெரியவர்கள் விரலில் கவ்வும் கிளிப் பிறந்த குழந்தைக்கு ஆகாது. அதற்கென்று பட்டைபோலச் சுற்றிக் கட்டும் சென்சார் இருக்கிறது.

ஒரு பிரசவ வார்டில் இதைச் செய்வதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். செவிலியர் குழந்தையைத் தாயின் மடியிலிருந்து எடுக்கவே இல்லை. குழந்தையின் வலது கை சில்லென்று இருந்தது. அதைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திச் சூடேற்றினார். கை குளிர்ந்திருந்தால் நாடி சரியாக விழாதாம். பிறகு பட்டையைச் சுற்றினார். குழந்தை உதைத்தபோது திரையில் அலை கிறுக்கலாக ஓடியது. அது அடங்கிச் சீராக வரும்வரை அவர் எண்ணைக் குறிக்கவில்லை. 98. அதே பட்டை பாதத்துக்குப் போனது. 97. இரண்டையும் தாளில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஊசி குத்தவில்லை, ரத்தம் எடுக்கவில்லை. இதைத்தான் வீண் செலவு என்கிறார்கள்.

கையிலும் காலிலும் ஏன் பார்க்க வேண்டும், ஏன் வலது கை என்று கேட்டால், முதல் வாதத்துக்கான மறுப்பு அதிலேயே கிடைத்துவிடும். கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரல் சுவாசிப்பதில்லை. ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வருகிறது. ஆகவே நுரையீரலுக்குப் போகும் தமனிக்கும் உடலுக்குப் போகும் மகாதமனிக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாய் இருக்கிறது. மருத்துவர்கள் அதை டக்டஸ் என்பார்கள். பிறந்த பிறகு அதற்கு வேலையில்லை. முதல் இரண்டு மூன்று நாளில் சுருங்கி மூடிக்கொள்ளும். இதயம் சரியாக அமைந்த குழந்தைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் நுரையீரலுக்கு ரத்தத்தை அனுப்பும் வால்வே உருவாகாத குழந்தையும், இதயத்தின் இடப்பக்கம் வளராமல் போன குழந்தையும் அந்தக் குழாயை நம்பித்தான் உயிரோடு இருக்கின்றன. வலது கைக்கு ரத்தம் போகும் கிளை, இந்தக் குழாய் வந்து சேரும் இடத்துக்கு முன்பே மகாதமனியிலிருந்து பிரிந்துவிடுகிறது. காலுக்குப் போகும் ரத்தம் அந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். குழாய் வழியாகக் கெட்ட ரத்தம் கலந்தால் காலில் எண் இறங்கும், கையில் இறங்காது.

குழாய் திறந்திருக்கும்வரை அந்தக் குழந்தை அழும், பால் குடிக்கும், கண்விழித்துப் பார்க்கும். "நன்றாக இருக்கிறது" என்று எல்லாரும் சொல்வது இந்த இடைவெளியில்தான். குழாய் மூடும் நாளும், தாயும் சேயும் வீட்டுக்குப் போகும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ குழந்தை பால் குடிக்கத் திணறும். குடிக்கும்போதே நெற்றி வேர்க்கும், மூச்சு வாங்கும். உரம் விழுந்திருக்கிறது என்று எடுத்துவிடுவார்கள். சளி என்பார்கள். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது உடம்பு சாம்பல் பூத்து, கை கால் சில்லிட்டிருக்கும். அங்கேயும் முதலில் கிருமித் தொற்று என்றே சந்தேகிப்பார்கள், ஏனென்றால் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருக்கும்போதே குழந்தை போய்விடும். இறப்புப் பதிவேட்டில் இதய நோய் என்ற சொல்லே வராமலும் போகலாம்.

அறிகுறி தெரிந்தால் பார்ப்போம் என்பவர்கள் இந்த நோய்களில் அறிகுறி எப்போது தெரிகிறது என்பதை மறந்து பேசுகிறார்கள். அறிகுறி தெரியும்போது பாதிக் கதை முடிந்துவிடுகிறது.

உதடு நீலம் பாய்ந்தால் தெரியாதா என்பார்கள். தெரியாது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு நான்கைந்து கிராம் அளவுக்குச் சேர்ந்தால்தான் நீலம் கண்ணுக்குப் படும். அதாவது ஆக்சிஜன் அளவு 80 சதவீதத்தை ஒட்டி இறங்கிய பிறகு. 95-க்குக் கீழே வந்தாலே கவனிக்க வேண்டும். 95-க்கும் 80-க்கும் நடுவே உள்ள குழந்தையை எவ்வளவு அனுபவமுள்ள கண்ணும் பார்த்துவிட்டு, நல்ல நிறமாக இருக்கிறது என்று சொல்லிவிடும். மாநிறக் குழந்தைக்கு இது இன்னும் கடினம். வார்டின் டியூப் லைட் வெளிச்சமும் உதவாது.

இங்கே எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான கேள்வி உண்டு. கறுத்த தோலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரே கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது என்று 2020-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னதே? உண்மைதான். பெரியவர்களிடம் செய்த ஆய்வு அது. கறுப்பின நோயாளிகளில் மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவைக் கருவி தவறவிட்டது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. கருவியைச் செம்மைப்படுத்த வேண்டும் என்பதற்கும், எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பதற்கும் இது காரணம். கருவியை விட்டுவிட்டுக் கண்ணை நம்பலாம் என்பதற்கு இது காரணமாகாது. அதே தோலின்மேல் கண்ணின் பிழை இதைவிடப் பெரியது.

ஸ்டெதாஸ்கோப்பைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இதயத்திலிருந்து கிளம்பும் இரு பெருங்குழாய்களும் இடம் மாறி அமைந்த குழந்தைக்குப் பல சமயம் முணுமுணுப்புச் சத்தமே கேட்காது. முதல் நாளில் சத்தம் கேட்கும் குழந்தைகளில் பலருக்கு நோயே இருக்காது.

ஐந்தாம் மாத ஸ்கேனில் ஹார்ட் நார்மல் என்று எழுதியிருக்கிறதே என்பதுதான் படித்த பெற்றோர் பெரிதும் நம்புவது. 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் அந்த ஸ்கேன் அருமையான விஷயம். அதை யாரும் தவறவிடக் கூடாது. ஆனால் பெரும்பாலும் அதில் பார்ப்பது இதயத்தின் நான்கு அறைகளை. மேலே சொன்ன இடம் மாறிய பெருங்குழாய் நோயில் நான்கு அறைகளும் பிசகில்லாமல் தெரியும். குழாய்கள் வெளியேறும் திசையைத் தனியாகத் தேடிப் பார்த்தால்தான் பிடிபடும். நுரையீரலிலிருந்து திரும்பும் ரத்தநாளங்கள் தவறான பக்கம் போய்ச் சேரும் நோய் கருவில் பிடிபடுவது அரிது. குழந்தை படுத்திருக்கும் கோணம், தாயின் உடல்வாகு, கருவியின் தரம், பார்ப்பவரின் பயிற்சி எல்லாம் சேர்ந்துதான் அந்த ‘நார்மல்’ எழுதப்படுகிறது. பிறந்த பிறகு செய்யும் சோதனைக்கு அது மாற்றாக முடியாது.

வீண் பயம் என்ற வாதத்தை எண்களால்தான் எதிர்கொள்ள வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2018-இல் 21 ஆய்வுகளை, நான்கரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பார்வைக்கு ஆரோக்கியமான 10,000 குழந்தைகளில் ஏறக்குறைய ஆறு பேருக்கு உயிருக்கு ஆபத்தான இதயக் கோளாறு இருக்கும். நோயுள்ள நூறில் சுமார் 76 குழந்தைகளை இந்தச் சோதனை பிடித்துவிடும். நோயில்லாத 10,000 பேரில் சுமார் 14 பேருக்கு எச்சரிக்கை மணி தவறாக அடிக்கும். ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கணக்குப் போட்டால், நாற்பத்தைந்து குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பும் முன்பே பிடித்துவிடலாம். அதற்காக 140 குழந்தைகளுக்குக் கூடுதலாக ஓர் எக்கோ எடுக்க வேண்டியிருக்கும். எந்த மருத்துவச் சோதனையிலும் இவ்வளவு குறைந்த விலைக்கு இவ்வளவு பலன் கிடைப்பது அபூர்வம்.

அந்த 140-ஐயும் தவறான எச்சரிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. இதயம் சரியாக இருந்தும் ஆக்சிஜன் குறைகிறது என்றால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். நுரையீரல் தொற்று, ரத்தத்தில் கிருமி, நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் இறங்காமல் நிற்பது. பல ஆய்வுகளில் இப்படிப்பட்ட குழந்தைகள் அந்தப் பட்டியலில் கணிசமாக இருக்கிறார்கள். இவர்களும் வீட்டுக்கு அனுப்பப்படக் கூடாதவர்கள்.

தாய்மார் பதறிப்போவார்கள் என்பதும் ஊகம்தான். பிரிட்டனில் 20,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வின் ஒரு பகுதியாகத் தாய்மாரிடமே கேட்டார்கள். எச்சரிக்கை வந்து பிறகு நோயில்லை என்று தெரிந்த தாய்மார், முதலிலேயே நோயில்லை என்று கேட்ட தாய்மாரைவிடக் கூடுதலாகக் கலங்கியிருக்கவில்லை. பெண்களின் பயத்தைக் காரணம் காட்டுபவர்கள் அந்தப் பெண்களைக் கேட்டுவிட்டுப் பேசியிருக்கலாம்.

இனி அந்தப் பிரிட்டன். 2015-இல் அங்கே பதினைந்து மருத்துவமனைகளில் முன்னோட்டம் பார்த்தார்கள். 2019-இல் தேசியச் சோதனைக் குழு, நாடு தழுவிய திட்டமாக இதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரமில்லை என்ற நிலையை எடுத்தது. எச்சரிக்கை வந்த குழந்தைகளுக்குக் கூடுதல் சோதனைகளும் மருந்துகளும் தர நேர்கிறது, ஏற்கெனவே உள்ள முறைகளிலேயே பெரும்பாலான குழந்தைகள் பிடிபட்டுவிடுகிறார்கள், ஆகவே கூடுதல் பலன் தெளிவாக இல்லை என்பது அதன் சாரம். அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களே இதைக் கடுமையாக மறுத்தார்கள். பல மருத்துவமனைகள் குழுவுக்காகக் காத்திராமல் தாமாகவே சோதனையைச் செய்கின்றன. அது அவர்கள் விவகாரம். நம் ஊரில் அந்த முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு வாதாடுபவர்கள் அதன் அடித்தளத்தைக் கவனிக்கவில்லை. ஆபத்தான இதயக் கோளாறுகளில் பெரும்பகுதி கருவிலேயே பிடிபடுகிற, வீட்டுக்குப் போன குழந்தையைச் செவிலியர் தேடி வந்து பார்க்கிற நாட்டில் எடுத்த முடிவு அது. கருவில் பிடிபடுவது மிகக் குறைவாக இருக்கும் நாட்டில், அதே காரணங்கள் அப்படியே எதிர்த்திசையில் பேசும். அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் பலன் சிறிது. நமக்குக் கிடைப்பது பெரிது.

பிரிட்டனைச் சொல்பவர்கள் மற்ற நாடுகளைச் சொல்வதில்லை. அமெரிக்கா 2011-இல் இதைத் தேசியப் பரிந்துரையில் சேர்த்தது. 2018-க்குள் எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்டன. சோதனையைக் கட்டாயமாக்கிய மாநிலங்களில் ஆபத்தான இதயக் கோளாறால் நிகழும் சிசு மரணம் மற்ற மாநிலங்களோடு ஒப்பிட 33 சதவீதம் குறைந்தது என்று 2017-இல் ‘ஜாமா’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஜெர்மனி 2017-இல் கட்டாயமாக்கியது. நம்மைப் போலவே மக்கள்தொகை மிகுந்த சீனாவில் 1,22,738 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அதில் ஆக்ஸிமீட்டரோடு மருத்துவர் நேரில் பார்ப்பதையும் சேர்த்தபோது ஆபத்தான கோளாறுகளில் 93 சதவீதம் பிடிபட்டது. அங்கே இப்போது அது நாடு தழுவிய திட்டம்.

கண்டுபிடித்து என்ன செய்வது என்ற வாதம்தான் எனக்கு எல்லாவற்றிலும் அதிக வேதனை தருவது. ஏழைக் குழந்தைக்குச் சிகிச்சை கிடைக்காது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, அதனால் அதற்கு நோய் இருப்பதே தெரியாமல் இருக்கட்டும் என்று சொல்லும் வாதம் அது. உண்மை நிலையும் அப்படி இல்லை. புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் அந்தக் குறுக்குக் குழாய் மூடாமல் நிற்கும். மருந்து ஏறும்போது குழந்தையின் மூச்சு நின்றுவிடாமல் கண்காணிக்க வேண்டும். அந்தக் கவனத்தோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆம்புலன்ஸில் கொண்டுபோக முடியும். சரிந்து விழுந்த பிறகு வரும் குழந்தைக்கு அந்த அவகாசம் கிடையாது. இடம் மாறிய பெருங்குழாய்களை மாற்றிப் பொருத்தும் ஆபரேஷனை பிரேசில் மருத்துவர் அடிப் ஜட்டேனி 1975-இல் முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தார். இன்று அது இந்தியாவின் பெரிய குழந்தை இதய மையங்களில் வழக்கமாக நடக்கிறது. ஆனால் பிறந்த முதல் சில வாரங்களுக்குள் செய்தாக வேண்டும். தாமதித்தால் இடப்பக்க இதயத்தின் தசை தளர்ந்து, உடல் முழுவதற்கும் ரத்தத்தை உந்தும் வலுவை இழந்துவிடும். சரியான நேரத்தில் செய்தால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலப் பள்ளிக்கூடம் போகும். வசதி குறைவான நாட்டுக்குத்தான் நேரம் அதிகம் தேவை. அந்த நேரத்தைக் கொடுப்பது இந்தச் சோதனை.

பக்கத்தில் கேரளம் இருக்கிறது. பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகளைப் பதிவு செய்து, எந்த மையத்தில் எப்போது ஆபரேஷன் என்று ஒருங்கிணைக்கும் ‘ஹிருதயம்’ திட்டத்தை 2017-இல் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய ஆபரேஷன் உண்டு. சென்னை எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. பணமும் இடமும் போதும் என்று நான் சொல்லவில்லை, போதாது. ஆனால் எத்தனை குழந்தைக்கு ஆபரேஷன் தேவை என்ற கணக்கே இல்லாமல் எத்தனை படுக்கை, எத்தனை அறுவை மருத்துவர் வேண்டும் என்று எந்த அரசும் திட்டமிட முடியாது. வசதி வந்த பிறகு சோதனை செய்வோம் என்று உட்கார்ந்திருந்தால் வசதி வரவே வராது.

தமிழ்நாட்டில் சிசு மரணம் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஆயிரத்துக்கு 13. தடுப்பூசியாலும், மருத்துவமனைப் பிரசவத்தாலும், தாய்ப்பால் பிரசாரத்தாலும் இதுவரை இறக்கிக் கொண்டுவந்திருக்கிறோம். அதே 2020-இல் கேரளத்தில் அது 6. தொற்றால் இறக்கும் குழந்தைகள் குறையக் குறைய, பிறவிக் கோளாறால் இறப்பவர்களின் பங்கு கூடிக்கொண்டே போகும். 13-ஐ 6 ஆக்க நினைப்பவர்கள் இதயத்தைத் தொடாமல் போக முடியாது.

இந்த விவாதத்தில் யாரும் எழுப்பாத இன்னொரு காரணமும் உண்டு. அறிகுறி வந்தால் வரட்டும் என்று விட்டுவிடும்போது, எந்தக் குழந்தை திரும்பி வரும் என்பதைக் குடும்பம் தீர்மானிக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இதய ஆபரேஷன் தேவைப்பட்ட குழந்தைகளில் ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகள் ஆபரேஷனுக்கு வருவது மிகவும் குறைவாக இருந்தது. மூன்றாவது பெண் குழந்தை பால் குடிக்காமல் முனகினால் ராத்திரியோடு ராத்திரியாக வண்டி பிடிப்பார்களா என்பது வீட்டுக்கு வீடு மாறும். டிஸ்சார்ஜுக்கு முன் எல்லாக் குழந்தைக்கும் கருவியைக் கட்டினால், ஆணா பெண்ணா, யார் வீட்டுப் பிள்ளை என்று கருவி பார்ப்பதில்லை. அதன் பிறகும் போராட்டம் இருக்கத்தான் செய்யும். ஆனால் மருத்துவரின் கையெழுத்தோடு ஒரு தாள் அந்தத் தாயின் பக்கம் நிற்கும்.

சோதனையின் குறையையும் சொல்லியாக வேண்டும். மகாதமனி ஓரிடத்தில் குறுகிப்போகும் நோயை இது அடிக்கடி தவறவிடுகிறது. இதயச் சுவரில் ஓட்டை உள்ள குழந்தைகளில் பலருக்கு ஆக்சிஜன் இறங்குவதே இல்லை. அதனால்தான் தொடையிடுக்கில் நாடியைத் தொட்டுப் பார்ப்பதை மருத்துவர் கைவிடக் கூடாது. 97 வந்துவிட்டது என்பதற்காக, பின்னால் வந்து மூச்சு வாங்குகிறது என்று முறையிடும் தாயைத் திருப்பி அனுப்பவும் கூடாது. இருக்கும் கவனிப்பின் மேல் இன்னொரு கவனிப்பாகத்தான் இதைக் கேட்கிறோம்.

நடைமுறையில் இது கடினமும் இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அதில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். அந்தத் தாய்மார் எப்படியும் பல நாள் தங்குகிறார்கள். சுகப்பிரசவம் என்றாலும் அரசு மருத்துவமனையில் 48 மணி நேரம் தங்கவைக்க வேண்டும். பிறந்து 24 மணி நேரம் ஆன பிறகு, எடையும் சுரமும் பார்க்கும் வேளையிலேயே இதையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் இப்போது பின்பற்றச் சொல்லும் விதி எளிமையானது: கையிலும் காலிலும் 95 அல்லது அதற்கு மேல், இரண்டுக்கும் வித்தியாசம் 3-க்கு மிகாமல். ஒன்றாவது 90-க்குக் கீழே போனால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நடுவில் நின்றால் ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. எடை, ரத்தப் பிரிவு, போட்ட தடுப்பூசி எல்லாம் எழுதும் டிஸ்சார்ஜ் சீட்டில் வலது கைக்கு ஒரு கட்டமும் காலுக்கு ஒரு கட்டமும் அச்சிட்டுவிட்டால், காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்துக் கேட்கப் பெற்றோருக்கும் வழி பிறக்கும்.

24 மணி நேரம் ஆவதற்குள் வீட்டுக்குக் கிளம்ப அவசரப்படும் குடும்பங்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டியதுதான். சீக்கிரம் பார்த்தால் தவறான எச்சரிக்கை கூடும். 24 மணி நேரத்துக்குப் பிறகு பார்க்கும்போது இரண்டாயிரத்தில் ஒரு குழந்தைக்கு வருவது, அதற்கு முன் பார்த்தால் இருநூறில் ஒரு குழந்தைக்கு வருவதாக 2012-இல் ‘லான்செட்’ இதழில் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. அந்த இருநூறில் ஒரு குழந்தையை இன்னும் சில மணி நேரம் வார்டில் வைத்திருந்து மறுபடி பார்த்துவிட்டு அனுப்பலாம்.